மேகி வாக்கர் அம்மையார்

அமெரிக்காவில் பாங்கி ஒன்றை நிறுவி அதன் தலைமையை வகித்த முன்னோடிப் பெண்மணி ஒருவர் யாரென்று கேட்டால், செல்வர் வீட்டுச் சீமாட்டி ஒருவரையே நாம் எதிர்பார்ப்போம். உண்மையில் அவர் துணி வெளுத்துப் பிழைத்த ஒரு தாயின் மகள், கறுப்பினத்தவர். மேகி லீனா வாக்கர் என்பது அவர் பெயர். கடை வியாபாரத்திலும் சங்கப் பணியிலும் ஈடுபட்டுள்ள நாம் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

1864ம் ஆண்டு வர்ஜீனியா மாகாணத்து ரிச்மண்ட் நகரில் மேகி பிறந்தார். தாயார் அடிமையாயிருந்தவர். 1865ல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்ததே தவிர, விடுதலை பெற்றவர்களின் வறுமை ஒழியவில்லை. 1876ல் வளர்ப்புத் தந்தை இறந்துவிடவே, தாயார் வெள்ளையர் வீட்டுத் துணிகளை வாங்கி வெளுத்துக் குடும்பத்தைக் காத்தார். துணிக்கூடையைச் சுமந்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் சிறுமி மேகியே.

1883ல் படிப்பை முடித்து ஆசிரியையானார். 1886ல் திருமணம் ஆனதும் அவ்வேலை போயிற்று. மணமான பெண்ணுக்கு அக்காலப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை. கறுப்பினப் பெண்களுக்குத் திறந்திருந்த கதவுகள் மிகச் சில: சமையற்கட்டு, சலவைத் தொட்டி, புகையிலை ஆலை. இக்குறையைத் தீர்ப்பதே பிற்காலத்தில் அம்மையாரின் வாழ்நாள் வேலையாயிற்று.

பதினான்கு வயது முதலே அவர் செயின்ட் லூக் சங்கத்தில் அங்கத்தினர். நோயுற்றவருக்கு உதவி, மரணத்துக்குச் சகாய நிதி என்று நடந்துவந்த சங்கம் அது. 1899ல் அதன் காரியதரிசிப் பொறுப்பை அவர் ஏற்றபோது கையிருப்பு 31 டாலர் 61 செண்டு மட்டுமே. கடனோ அதைவிடப் பன்மடங்கு. அவர் சோர்ந்துவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று அங்கத்தினரைச் சேர்த்தார். 1902ல் சங்கத்துக்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். அலுவலகத்தில் கறுப்பினப் பெண்களையே கிராணிகளாக அமர்த்திக் கணக்கெழுதப் பழக்கினார். 1920களில் அங்கத்தினர் தொகை லட்சத்தை எட்டியது.

1903 நவம்பரில் பாங்கி திறந்தார். ஒரு காசு, இரண்டு காசு கொண்டு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் பாங்கி அது. துணி வெளுக்கும் பெண்களின் சில்லறை அங்கே சேர்ந்து, வீடு வாங்குவோருக்குக் கடனாயிற்று. 1920க்குள் அறுநூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் கடனை அடைத்து வீட்டைச் சொந்தமாக்கிக்கொண்டன. பிள்ளைகளுக்கும் சேமிக்கும் பழக்கத்தை அவர் கற்பித்தார்.

1905ல் நகரின் பெரிய வீதியில் ஒரு பெருங்கடை வைத்தார். கறுப்பினப் பெண்கள் கடைச் சிப்பந்திகளாய் நின்று விற்கவேண்டும் என்பதே நோக்கம். வெள்ளை வியாபாரிகள் ஒன்று கூடி, அக்கடைக்குச் சரக்குக் கொடுக்கக்கூடாதென்று மொத்த வியாபாரிகளை மிரட்டினர். மொத்த வியாபாரி கையை விரித்துவிட்டால் கடைக்காரன் கதி என்னவென்று நமக்குத் தெரியாததல்ல. அதனினும் வருத்தம், சொந்த மக்களிற் பலரே அந்தக் கடையைத் தாண்டி வெள்ளையர் கடைக்குப் போனதுதான். ஏழாண்டு நிறையுமுன் கடை மூடப்பட்டது.

கடை போயினும் பாங்கி நிலைத்தது. 1915ல் மகன், திருடனென்று தவறாக எண்ணித் தந்தையைச் சுட்டுவிட்ட பெருந்துயரும் வந்தது. மகன் குற்றமற்றவரென நீதிமன்றம் தீர்த்தது. அம்மையார் அத்துயரையும் தாங்கிப் பணியைத் தொடர்ந்தார். கால்கள் செயலிழந்த கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலியிலிருந்தே அலுவல்களைக் கவனித்தார். நாடெங்கும் பாங்கிகள் விழுந்த 1930ம் ஆண்டளவில், தம் பாங்கியை வேறு இரு கறுப்பினப் பாங்கிகளுடன் இணைத்துக் காத்தார். 1934 டிசம்பர் 15ல் காலமானார். அவர் வாழ்ந்த வீட்டை அமெரிக்க அரசாங்கம் 1978ல் தேசிய நினைவிடமாக்கியது.

நேயர்களே! கூலிக்காரப் பெண்ணின் காசையும் மதித்து வாங்கி, அவள் மகளையே அதற்குக் கணக்கெழுத உட்காரவைத்தார் மேகி அம்மையார். நம் கடைகளில் பொட்டலம் கட்டவும் கூட்டிப் பெருக்கவும் பெண்களை வைத்திருக்கிறோம். கணக்குப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறோமா? ஒரே வேலைக்கு ஆணுக்குத் தரும் சம்பளத்தைப் பெண்ணுக்கும் தருகிறோமா? இவற்றை நாம் ஒவ்வொருவரும் நம் கல்லாவின் முன் நின்று கேட்டுக்கொள்வோமாக.