பெட்டிகளில் வந்த கார்

பொலிடெக்னிக்கில் படித்த காலத்தில், பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு பழைய கார் வாங்கினேன். முதல் மாதமே சக்கரங்களை மாற்றினேன். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தினேன். கை நுழையும் அளவுக்குப் பெரிய புகைக்குழாயைப் பொருத்தினேன். தாமான் முழுவதும் கேட்கும்படி சத்தம் வந்தது. வேகம் மட்டும் வரவில்லை. மேட்டில் ஏறும்போது முன்பைவிடத் திணறியது. வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசியது. போதாக்குறைக்குச் சாலைச் சோதனை ஒன்றில் அபராதமும் கட்டினேன்.

அந்த நாள்களில்தான் நூலகத்தில் புரூஸ் மெக்லாரன் பற்றிப் படித்தேன். மெக்லாரன் என்றால் உங்களுக்குச் சிங்கப்பூர் இரவுப் பந்தயத்தில் ஓடும் பப்பாளி நிறக் கார்கள் நினைவுக்கு வரலாம். அந்தப் பெயருக்குரியவர் நியூசிலாந்துக்காரர். அவரும் ஒரு பழைய காரில் கை வைத்துத்தான் தொடங்கினார்.

1937 ஆகஸ்ட் 30ஆம் நாள் ஆக்லாந்தில் பிறந்தார். தந்தை லெஸ், ரெமுவேரா பகுதியில் பெட்ரோல் நிலையமும் அதனுடன் சேர்ந்த பட்டறையும் நடத்தினார். புரூஸுக்கு ஒன்பது வயதானபோது பெர்தீஸ் நோய் வந்தது. இடுப்போடு சேரும் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் சரியாகச் செல்லாமல் எலும்பு நலிந்துபோகும் நோய் அது. தாக்கபூனாவில் இருந்த சிறுவர் இல்லத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், கால் இழுத்துக் கட்டப்பட்ட நிலையில் படுத்துக் கிடந்தார். எழுந்து நடந்தபோது இடது கால் சற்றுக் குட்டையாகிவிட்டிருந்தது. கடைசிவரை விந்தி விந்தித்தான் நடந்தார். ரக்பியை உயிராக நினைக்கும் நாட்டில், அந்தக் காலோடு மைதானத்தில் அவருக்கு இடமில்லை. பட்டறையில் இருந்தது.

ஒரு நாள் லெஸ், 110 பவுண்டுக்கு ஒரு காரை வாங்கி வந்தார். கார் என்று சொல்வதுகூடப் பெருமைதான். பாதி பெட்டிகளில் வந்த உதிரிபாகங்கள். ஆஸ்டின் 7 அல்ஸ்டர் என்ற அந்தச் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் 1929ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இயந்திரம் 747 சிசி. இன்று நாம் ஓட்டும் பல மோட்டார் சைக்கிள்களுக்கே அதைவிடப் பெரிய இயந்திரம் உண்டு. தந்தையும் மகனும் அதைப் பூட்டி முடித்தார்கள். முதல் ஓட்டத்தில் லெஸ் மிரண்டுபோனார். பிரேக்கும் ஸ்டியரிங்கும் சொன்னபடி கேட்கவில்லை. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தவரை, பொறியியல் கற்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்று மகன் மன்றாடி மாற்றினார். பிறகு வீட்டின் பின்புறம் பழமரங்களுக்கு நடுவே எட்டு வடிவில் ஒரு பாதை அமைத்து, அதிலேயே சுற்றிச் சுற்றிப் பழகினார்.

அந்த இயந்திரத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான் என்னை நிறுத்தியது. அல்ஸ்டரின் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே அல்ல, பக்கத்தில் இருக்கும். அதனால் எரிபொருள் எரியும் அறை அகன்று பரவியிருக்கும். கலவையை இறுக்கமாக அழுத்த முடியாது. அழுத்தம் குறைந்தால் சக்தியும் குறையும். புரூஸ் அந்தச் சிலிண்டர் தலைப்பகுதியைத்தான் கையில் எடுத்தார். அறையின் அளவைச் சுருக்கி, மேற்பரப்பைக் கையாலேயே ராவிச் சீராக்கினார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே தெரியாத வேலை. 1952இல் முரிவாய் மலையேற்றப் பந்தயத்தில் அந்தக் காரோடு இறங்கித் தம் பிரிவில் வென்றார். அப்போது அவர் பள்ளிச் சிறுவர்.

அதைப் படித்த வாரமே பழைய புகைக்குழாயைத் தேடி எடுத்து மீண்டும் பொருத்தினேன். குழாய் தேவைக்கு மேல் அகன்றால் புகை வெளியேறும் வேகம் குறைகிறது, அதனால் தாழ்ந்த சுழற்சியில் இழுவை போகிறது. இதை வகுப்பில் படித்திருந்தேன். என் காருக்கும் பொருந்தும் என்றுதான் தோன்றவில்லை.

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த புரூஸ், இளம் ஓட்டுநர் ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டத்தில் தேர்வாகி 1958இல் இங்கிலாந்து சென்றார். கூப்பர் குழுவில் சேர்ந்து, 1959 டிசம்பரில் அமெரிக்காவின் செப்ரிங்கில் தம் முதல் ஃபார்முலா 1 வெற்றியைப் பெற்றார். முன்னால் சென்ற ஜேக் பிராபமின் காரில் கடைசிச் சுற்றில் எரிபொருள் தீர்ந்ததும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம். புரூஸுக்கு வயது 22.

வெற்றி பெற்றும் அவர் கை சும்மா இருக்கவில்லை. 1964இல் செரெக்ஸ் ஸ்பெஷல் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். அதில் இங்கிலாந்தில் வெல்லவும் செய்தார். வேறொருவராக இருந்தால் அப்படியே விட்டிருப்பார். இவர் காரின் நடுச் சட்டத்தை வெட்டி எடுத்துப் புதிதாகச் செய்து, நான்கு சிலிண்டர் இயந்திரம் இருந்த இடத்தில் எட்டு சிலிண்டர் ஓல்ட்ஸ்மொபில் இயந்திரத்தை வைத்தார். அந்தக் கார் கனடாவின் மோஸ்போர்ட் பந்தயத்தில் வென்றது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு நிகழ்ச்சி. ஒரு சோதனை ஓட்டத்தில், காரின் முன்பக்கம் இருந்த எரிபொருள் மூடி வேகம் கூடக் கூடத் துள்ளி அடித்துக்கொண்டது. காற்று அதை அழுத்தித்தானே பிடிக்க வேண்டும்? மூடிக்கு மேலே உள்ளதைவிடக் கீழே அழுத்தம் அதிகம், அதாவது ரேடியேட்டர் வழியாக வந்த காற்று வெளியேற வழியின்றி உள்ளே அடைபட்டிருக்கிறது என்று ஓட்டிக்கொண்டே ஊகித்தார். காரை நிறுத்தி, கத்தரியை எடுத்து ரேடியேட்டருக்குப் பின்னால் உடற்பகுதியில் ஓட்டைகளை வெட்டினார். அடுத்த சுற்றுகளில் கார் வேகமாக ஓடியது. நானாக இருந்தால் மூடியை ஒட்டும் நாடாவால் ஒட்டியிருப்பேன்.

அவருடைய பெயர் தாங்கிய கார்கள் 1966இல் ஃபார்முலா 1க்கு வந்தன. அவற்றுக்கு முதல் வெற்றியை 1968இல் பெல்ஜியத்தில் அவரே ஓட்டிப் பெற்றுத் தந்தார். வட அமெரிக்கக் கேன்-ஆம் தொடரிலோ 1969இல் நடந்த 11 பந்தயங்களையும் அவருடைய குழுவே வென்றது.

1970 ஜூன் 2ஆம் நாள், அடுத்த பருவத்துக்கான எம்8டி காரை இங்கிலாந்தின் குட்வுட் தளத்தில் சோதித்துக்கொண்டிருந்தார். அதிவேகத்தில் பின்பக்க உடற்பகுதி கழன்றது. காரைத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்த காற்றுவிசை அந்த நொடியே இல்லாமல் போனது. கார் பாதையை விட்டு விலகி மோதியது. அவருக்கு வயது 32.

பன்னிரண்டு நாள்கள் கழித்துக் குழுவினர் மோஸ்போர்ட்டுக்கு வந்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் புரூஸ் வெட்டி ஒட்டிய கார் வென்ற அதே இடம். அவருக்குப் பதிலாக டான் கர்னி எம்8டியை ஓட்டி முதலில் வந்தார். இன்னொரு எம்8டியை ஓட்டிய நண்பர் டென்னி ஹல்ம், முந்தைய மாதம் தீயில் வெந்த கைகளோடு மூன்றாவதாக வந்து சேர்ந்தார்.