ஒற்றைக்கண் விமானியின் ரப்பர் உடை

1961 மே 5-ம் தேதி அமெரிக்காவின் ஆலன் ஷெப்பர்ட் விண்வெளிக்குப் பறந்தபோது வெள்ளி நிற உடை ஒன்றை அணிந்திருந்தார். அந்த உடைக்கு ஒரு பாட்டன் உண்டு. அதைக் கேட்டு வாங்கியவர் படித்த விஞ்ஞானி அல்ல. எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளியாயிருந்த வைலி போஸ்ட்.

1898-ல் டெக்ஸாஸ் மாகாணத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. 1921-ல் வழிப்பறிக் குற்றத்துக்காகச் சிறை சென்றதும் உண்டு.

1926-ல் எண்ணெய் வயலில் இரும்புச் சில்லு தெறித்து இடது கண் போயிற்று. நஷ்டஈடு சுமார் 1,700 டாலர். வேறொருவராயிருந்தால் கடை வைத்திருப்பார். இவர் பழைய விமானம் ஒன்றை வாங்கினார்! ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகப் பிடிபடாது. எதிரே தெரியும் மரம் எவ்வளவு தூரம் என்று மனத்துக்குள் கணக்கிட்டு, பிறகு அடியெண்ணி நடந்து சரிபார்த்தே பழகினார். 1933-ல் தன்னந்தனியாக உலகைச் சுற்றிப் பறந்த முதல் மனிதர் அவரே. ஆன நேரம் 7 நாள், 18 மணி, 49 நிமிஷம்.

அடுத்து, இன்னும் உயரே பறக்க ஆசை. அங்கே காற்றின் தடை குறைவு, வேகம் கூடும். ஆனால் காற்றழுத்தம் குறைந்தால் மனிதன் பிழைக்க மாட்டான். விமானத்தை மூடிக் காற்றை அடைக்கலாமென்றால், அவருடைய 'வின்னி மே' ஒட்டுப்பலகையாலானது, தாங்காது. சரி, விமானத்துக்குப் பதில் ஆளைச் சுற்றிக் காற்றை அடைப்போம் என்று குட்ரிச் டயர் கம்பெனியை அணுகினார்.

1934-ல் அந்தக் கம்பெனி தைத்த முதல் உடை சோதனையில் தோற்றது. அங்கிருந்த ரஸ்ஸல் கோலி உருவாக்கிய இரண்டாவதில் போஸ்ட் சிக்கிக்கொண்டார். உடையை வெட்டித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். மூன்றாவது வெற்றி. சைக்கிள் டியூபும் டயரும் போலத்தான்: உள்ளே காற்றைப் பிடிக்கும் ரப்பர் பை, வெளியே அது உப்பிவிடாமல் இறுக்கும் கனத்த துணி. தலைக்கு வட்டக் கண்ணாடி பதித்த அலுமினியக் கவசம். காற்றடைத்தபின் கைகால் மடங்காது என்பதால், உடையையே உட்கார்ந்த வாக்கில் அமைத்தார்கள்.

அவ்வாண்டு செப்டம்பரில் சிகாகோவுக்கு மேல் 40,000 அடி எட்டினார். 1935 மார்ச்சில் பர்பாங்கிலிருந்து கிளீவ்லாந்துக்கு 2,035 மைலை 7 மணி 19 நிமிஷத்தில் கடந்தார். உயரே ஓடும் பலத்த காற்று பின்னாலிருந்து தள்ளியது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ம் தேதி அலாஸ்காவில் வேறொரு விமானம் விழுந்து, உடன் சென்ற நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸுடன் மாண்டார். வயது 36.

மடங்காத கைகால் குறையைக் கோலி மறக்கவில்லை. 1940-களில் தோட்டத்தில் தக்காளிப் புழு வளைந்து நெளிவதைக் கண்டு, அதே மாதிரி மடிப்பு மூட்டுகளை வகுத்தார். ஷெப்பர்டின் உடையை வடிவமைத்ததும் அவர்தான். போஸ்டின் மூன்றாவது உடை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது.