112 அடி நீளத்தில் ஒரு வாதம்

போன செமஸ்டர்ல எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல சாதி பத்தி ஒரு விவாதம். ஒரு மணி நேரத்துல ஆறேழு ஃபார்வேர்டு வந்து விழுந்துச்சு. யார் எழுதினது, எந்த வருஷம், எங்கிருந்து எடுத்ததுன்னு ஒண்ணுலயும் இல்ல. கடைசியில நாலு பேர் குரூப்பை விட்டுப் போனதுதான் மிச்சம்.

எனக்கு வடக்குப்பட்டு. காலேஜ் பஸ்ல ஒரகடம் ஃபேக்டரிகளைப் பார்த்துக்கிட்டே வர்ற ஊர். 2022ல் இந்தியத் தொல்லியல் துறை எங்க ஊர்ல குழி வெட்டி, கற்காலக் கருவிகளை வெளியே எடுத்தாங்க. எங்க ஊர் பழைய ஊர்னு சும்மா பெருமை பேசறதுக்கும், மண்ணுக்குள்ள இருந்து எடுத்துக் காட்டறதுக்கும் உள்ள வித்தியாசம் அப்பதான் புரிஞ்சது. சமூகப் பிரச்சினையிலும் அப்படி எடுத்துக் காட்டி வாதாடின ஒருத்தர் நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்தான். இரட்டைமலை சீனிவாசன்.

மதுராந்தகம் பக்கம் கோழியாளம் கிராமத்தில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். கோயம்புத்தூரில் படித்தார். கூடப் படித்தவர்களில் பெரும்பாலோர் மேல்சாதிப் பிள்ளைகள். நெருங்கிப் பழகினால் ஊர், உறவு, சாதி எல்லாம் விசாரிப்பார்களே என்ற பயத்தில், மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியிலேயே இருந்துவிட்டுப் பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். இதை அவரே 1939ல் வெளியிட்ட தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார்.

அப்படி ஒளிந்து படித்த பையன் வளர்ந்து என்ன செய்தார் தெரியுமா? நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்துவிட்டு 1890ல் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லுக்குப் பயந்து வாசலில் நின்றாரோ, அதையே தலைப்பாக அச்சடித்தார். நாலு பக்கம், விலை இரண்டணா.

அதே வருஷம் பெரிய விவாதம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டும் நடந்த காலம். இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கேட்டால் நியாயமாகத்தானே இருக்கு? சீனிவாசன் வேறொன்றைக் கேட்டார். இங்கே தேர்வு வைத்தால் அதை எழுதுகிற அளவுக்குப் படித்தவர்கள் யார்? பள்ளிக்கூட வாசலே மறுக்கப்பட்டவர்கள் எழுத முடியுமா? கிராமத்தில் யார் கை ஓங்கியிருக்கிறதோ, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே அதிகாரிகளாகவும் வந்தால் முறையீட்டை யாரிடம் கொண்டு போவது?

இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அது வெறும் கருத்து. 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டினார். 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கினார். 112 அடி நீளமான அந்த மனு இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குப் போனது. அவர் நிலைப்பாட்டோடு அன்றைக்கும் பலர் ஒத்துப்போகவில்லை. இன்றைக்கும் நாம் மாறுபடலாம். ஆனால் அந்த மக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு கருத்து இருக்கிறது என்பதை இனி யாரும் மறுக்க முடியாது. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாமே!

1900ல் வெளிநாடு கிளம்பியவர் தென்னாப்பிரிக்காவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். 1923ல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், இவற்றில் எந்தச் சாதிக்காரரும் நடக்கலாம், புழங்கலாம், தடுக்கக் கூடாது. தீர்மானம் நிறைவேறியது. 1924 செப்டம்பர் 25 அன்று அரசாணை எண் 2660 ஆக வெளிவந்தது.

ஆணை வந்த மறுநாளே எல்லாக் கிணறும் திறந்துவிடவில்லை. இருந்தாலும் அதற்கு முன்பு தெருவில் தடுக்கப்பட்டவர் கெஞ்ச வேண்டியிருந்தது. இப்போது கையில் ஒரு எண்ணும் தேதியும் இருந்தது. கேட்கிற தொனியே மாறும் இல்லையா?

இன்னொரு விஷயம். அவர் தன் பக்கத்து ஆட்களோடும் வாதாடினார். அயோத்திதாசப் பண்டிதர் அவருக்கு நெருங்கிய சொந்தம். அவரோ 'பறையன்' என்ற பெயரே வேண்டாம், நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். சீனிவாசன் ஏற்கவில்லை. 1930, 1931 வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரோடு சேர்ந்து உட்கார்ந்தார். 1935ல் அம்பேத்கர் மதம் மாறும் முடிவை அறிவித்தபோது, நாம் இந்து மதத்துக்குள்ளேயே இல்லை, பிறகு எதிலிருந்து மாறுவது என்று மாறுபட்டார். கோரிக்கை ஒன்றாக இருந்தால் எல்லாக் கருத்தும் ஒன்றாக இருக்கணும்னு அவசியமில்லை என்பதை அவர் வாழ்க்கையே காட்டுகிறது.

1945 செப்டம்பர் 18 அன்று காலமானார்.

அடுத்த தடவை குரூப்ல சண்டை வரும்போது, நான் முதல்ல கேக்கப் போறது ரெண்டே ரெண்டு கேள்வி. இது எங்க இருக்கு? எந்தத் தேதி? எதிர்ல இருக்கறவங்ககிட்ட கேக்கறதுக்கு முன்னாடி, என் கையில இருக்கற ஃபார்வேர்டுகிட்ட கேக்கணும். பதில் இல்லன்னா அனுப்ப வேண்டாம். பதில் இருந்தா, 112 அடி நீளம் இருந்தாலும் பரவாயில்ல, அனுப்புவோம்.