22 வயதில் ஒரு மாவீரன் – நாயக் யஷ்வந்த் காட்கே



ஷீட் மெட்டல் ஷாப்ல ஒரு தகட்டை வெட்டி, மடக்கி, ஓட்டை போடறதுக்குள்ள நமக்குக் கை நொந்து போகுது. இதே தகட்டு வேலையில்தான் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி ஓர் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தது. எம்.ஜி. 42 என்று பெயர். கடைசல் வேலையைக் குறைத்து, பெரும்பகுதியை பிரஸ்ஸில் அடித்து, வெல்டிங் வைத்து உருவாக்கினார்கள். நிமிடத்துக்குச் சுமார் 1200 குண்டு! அதாவது நொடிக்கு 20. 50 குண்டுகள் கோத்த இரும்புப் பட்டை இரண்டரை நொடியில் காலி. அதனால் ஒரு பட்டையின் வாலில் அடுத்த பட்டையை மாட்டிக்கொண்டே போவார்கள். சூடேறிய குழலைச் சில நொடிகளில் மாற்றிவிடலாம். இதுவும் இதன் அண்ணன் எம்.ஜி. 34-ம்தான் அந்தப் படையின் பலம்.

இத்தகைய படையை எதிர்த்து இத்தாலிக்குப் போனவன்தான் யஷ்வந்த் காட்கே. 1921-ல் மகாராஷ்டிரத்தில், இன்றைய ராய்கட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். மராத்தா லைட் இன்ஃபன்ட்ரியில் நாயக்.

1944 ஜூலை 10. மேல் டைபர் பள்ளத்தாக்கு. மிக அருகிலிருந்து ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கி வெடித்தது. அவன் பிரிவில் அவனைத் தவிர எல்லோரும் செத்தோ, காயம்பட்டோ விழுந்துட்டாங்க. கூட வர ஆளில்லை என்று தெரிந்தும் ஓடினான். கையெறி குண்டால் துப்பாக்கியையும் சுட்டவனையும் வீழ்த்தினான். இன்னொருவனை டாமி கன்னால் சுட்டான். எதிரியிடம் நீளும் பட்டை, இவனிடம் மேகசின். அதை மாற்ற நேரமில்லை. குழலைப் பிடித்து, கட்டையால் அடித்தே மீதி இருவரையும் முடித்தான். மறைந்திருந்தவர்கள் சுட, பிடித்த இடத்திலேயே உயிர் விட்டான்.

விக்டோரியா கிராஸ் கிடைத்தது, கல்லறை கிடைக்கவில்லை. கசீனோ நினைவுச்சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கு. 2023-ல் இத்தாலியின் மொந்தோனே ஊரில் அவனுக்கு நினைவிடம் திறந்தார்கள்.

வெள்ளைக்காரன் போருக்குத்தானே போனான்னு சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நிமிஷத்தில் அவன் கண் முன்னால் கிடந்தது தன்னோடு வந்த நம்ம நாட்டுப் பையன்கள் அல்லவா?

எங்க குடும்பத்துல முதல்ல படிக்க வந்தவன் நான். அவனைவிட நாலு வயசு சின்னவன். அந்தப் பட்டையைச் செய்ததும் நம்மைப் போல் தொழில் படித்த கைகள்தான். நாளைக்கு பிரஸ் முன்னால் நிற்கும்போது, இந்தத் தகடு என்னவாகப் போகுதுன்னு ஒரு நிமிஷம் சிந்திப்போம் நண்பர்களே!

– இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன், தாராபுரம்