கொல்லிமலைப் பொன்னை அள்ளிக் கொடுத்த ஓரி

மலையில் பொன் இருக்கிறது என்று தெரிந்தால் மனிதன் என்ன செய்வான்?

அதை விலைக்கு வாங்கப் பார்ப்பான். முடியாவிட்டால் சண்டையிட்டுப் பிடுங்கப் பார்ப்பான். ஆனால், தன் மலையில் பிறந்த பொன்னை வழிப்போக்கர்களுக்கு அள்ளிக் கொடுத்தான் ஒரு தமிழ் மன்னன்.

அவன்தான் வல்வில் ஓரி!

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலை அவனுடைய நாடு. இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அந்த மலைக்கு ஏறுகிறோம். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே சாலை ஏது? அடர்ந்த காடு. பலா மரங்கள். யானையும் புலியும் திரிந்த இடம்.

ஓரிக்கு முழுப் பெயர் ஆதன் ஓரி. வில் வித்தையில் வல்லவன் ஆகையால் வல்வில் ஓரி என்று புகழ் பெற்றான். அவன் ஏறிச் செல்லும் குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர்.

ஒரே அம்பு!

ஒரு நாள் பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியே வந்துகொண்டிருந்தது. பாணர்கள் பாட்டுப் பாடிப் பிழைப்பவர்கள். ஊர் ஊராகப் போவார்கள். கையில் யாழ் இருக்கும். வயிற்றில் பசி இருக்கும்.

அவர்கள் கண்ணெதிரே ஒரு வேடன் அம்பு விட்டான். அந்த அம்பு ஒரு யானையை வீழ்த்தியது. அதோடு நிற்கவில்லை. புலியின் வாய்க்குள் புகுந்து வெளிவந்தது. மானைத் துளைத்தது. காட்டுப் பன்றியைச் சாய்த்தது. கடைசியில் புற்றில் இருந்த உடும்பின் மேல் போய்த் தைத்தது.

பாணர்கள் திகைத்து நின்றார்கள். யார் இவன்? மார்பில் சந்தனம் பூசியிருக்கிறான். முத்து மாலை அணிந்திருக்கிறான். இறைச்சி விற்றுப் பிழைப்பவனாகத் தெரியவில்லையே! ஒருவேளை ஓரியேதானோ?

இப்படி எண்ணிக்கொண்டே அவர்கள் யாழை மீட்டினார்கள், முழவைக் கொட்டினார்கள், பாடினார்கள். முடிவில் கோ என்று சொல்லி வணங்கினார்கள். கோ என்றால் அரசன்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் வேடன் வெட்கப்பட்டான். வந்திருப்பவன் ஓரியேதான் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

தாங்கள் பல நாடு சுற்றி வருவதாகவும், அவனைப் போன்ற வேடனை எங்கும் கண்டதில்லை என்றும் பாணர்கள் சொன்னார்கள். மேலும் ஏதோ கேட்க வாய் எடுத்தார்கள். ஓரி அவர்களைக் கேட்க விடவில்லை! வேட்டையில் கிடைத்த இறைச்சியைக் கொடுத்தான். குடிக்கக் கள் கொடுத்தான். பிறகு, தன் மலையில் பிறந்த மாசற்ற பொன்னை மணிகளோடு கலந்து கைநிறையக் கொடுத்தான்.

அரண்மனையில் அல்ல, நடுக்காட்டில்!

இதைப் பாடி வைத்தவர் வன்பரணர் என்ற புலவர். புறநானூற்றில் இந்தப் பாட்டு இருக்கிறது.

ஆட மறந்தவர்கள்

இன்னொரு பாட்டிலும் ஓரியைப் புகழ்கிறார் வன்பரணர். கேட்டு வந்தவர்களுக்கு யானைகளையே பரிசாகக் கொடுப்பான் ஓரி. மணிகளால் குவளைப் பூச் செய்து, வெள்ளி நாரில் தொடுத்துக் கொடுப்பான். அது குளத்தில் பூக்காத குவளை! அவன் வீட்டில் வயிறார உண்ட கூத்தர்கள் ஆட்டத்தையும் பாட்டையும் மறந்தே போனார்களாம். பசி தீர்ந்தவனுக்கு ஆடவேண்டிய தேவை என்ன?

கழைதின் யானையார் என்ற புலவரும் ஓரியிடம் வந்தார். கொடு என்று கேட்பது இழிவு, கேட்டவனுக்கு இல்லை என்பது அதைவிட இழிவு என்று பாடினார் அவர். கடலில் நீர் ஏராளம். ஆனால் தாகத்துக்கு உதவாது. கலங்கிய சிறு குட்டையாக இருந்தாலும் அதைத் தேடி வரும் வழிகள் பல. ஓரி அப்படித் தாகம் தீர்த்தவன்.

வள்ளலைக் கொன்ற வள்ளல்

இத்தகைய ஓரியின் முடிவு துயரமானது.

திருக்கோவலூர்ப் பகுதியை ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. அவன் ஊர் முள்ளூர். கடையெழு வள்ளல்களில் ஓரியும் ஒருவன், காரியும் ஒருவன். இருவரும் ஈகையில் புகழ் பெற்றவர்கள். ஆனாலும் போர் மூண்டது. காரி, ஓரியைக் கொன்றான். ஓரியின் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது ஊரே அலறியது என்கிறது நற்றிணை.

வென்ற மலையைக் காரி தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. சேரனுக்குக் கொடுத்துவிட்டான். பாணருக்குப் பொன்னை அள்ளிக் கொடுத்தவனின் மலையே, வேறு ஒருவர் கைக்குப் பரிசாகப் போய்விட்டது!

விலைக்கு வாங்கியவர்கள்

வாளால் கைமாறிய காலம் போனது. பிறகு, காகிதத்தால் பொன் நிலங்கள் கைமாறின.

மலைப் பாறையில் இருக்கும் பொன்னை மழை அரித்து ஓடைக்குக் கொண்டு வரும். பொன் கனமானது. ஆகவே மணலுக்கு அடியில் தங்கிவிடும். அந்த மண்ணைத் தட்டில் இட்டு நீரில் அலசினால் மண் போகும். பொன் தூள் நிற்கும். இதுதான் பொன் எடுக்கும் பழைய முறை.

கோலாரில் கிராம மக்கள் இப்படி மண்ணை அலசிப் பொன் எடுப்பதை 1802-இல் வாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி கண்டார். அவர் எழுதி வைத்ததைப் பல ஆண்டுகளுக்குப் பின் படித்தவர் லவேல் என்ற முன்னாள் போர் வீரர். மைசூர் அரசிடம் மனுப் போட்டு, 1875-இல் பொன் எடுக்கும் உரிமை பெற்றார். ஆனால் தோண்டப் பணம் போதவில்லை. இரண்டே ஆண்டில் உரிமை வேறு கைக்கு மாறியது. பின்னர் அங்கே பொன் கொட்டியது. தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பூமிக்கு அடியில் இறங்கி உழைத்தார்கள். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. 2001-இல் அதுவும் மூடப்பட்டது.

நீலகிரியில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் நடந்தது இன்னும் வேடிக்கை. முன்னோர் பொன் எடுத்த பழைய குழிகள் அங்கே இருந்தன. அதை நம்பி 1880-ஐ ஒட்டி ஆங்கிலக் கம்பெனிகள் போட்டி போட்டு நிலம் வாங்கின. இலண்டனில் பங்குகள் பறந்தன. சில ஆண்டுகளில் எல்லாம் சரிந்தன. போட்ட பணம் போனதுதான் மிச்சம்! பழைய குழி, பொன் இருந்ததற்குச் சாட்சி. இன்னும் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகுமா?

நிலைத்தது எது?

ஓரி பொன்னுக்காக மலையை வாங்கியவன் அல்ல. பொன்னை விற்றவனும் அல்ல. பசியோடு வந்தவன் கேட்கும் முன்பே கொடுத்தவன். மலை அவன் கையை விட்டுப் போயிற்று. உயிரும் போயிற்று.

ஆனாலும், கொல்லிமலையை யாருடைய மலை என்று கேட்டால் மக்கள் இன்றும் ஓரியின் பெயரைத்தான் சொல்கிறார்கள். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது. குழந்தைகளைத் தோளில் சுமந்து குடும்பம் குடும்பமாக மக்கள் மலை ஏறுகிறார்கள்.

பறித்த மலை சேரனிடமும் நிற்கவில்லை. கொடுத்த பொன் மட்டும் ஓரியின் பெயரில் நிற்கிறது.