உ.வே.சா.வும் ஒரு லிங்கர்தான்!

நீங்க எழுதின புரோகிராம் ஒழுங்கா கம்பைல் ஆகி, கடைசியில் அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் என்று நின்னிருக்கும். கோடில் ஒரு ஃபங்ஷனின் பெயர் இருக்கு. அதன் உடல் எங்கேயும் கிடைக்கலைன்னு லிங்கர் கைவிரிக்குது. உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கை திரும்பியதும் இப்படி ஒரு இடத்தில்தான்.

1855-ல் பிறந்தவர், உத்தமதானபுரத்துக்காரர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அதே வருஷம் அங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் பாடம் சொல்லச் சொன்னார். பிரித்துப் பார்த்தால் பாதி புரியலை. அது சமண நூல். உரை எழுதிய நச்சினார்க்கினியரோ, வேறு நூல்களின் வரிகளைப் பெயர் சொல்லாமலே எடுத்துக் காட்டிக்கொண்டு போகிறார். எல்லாமே அன்டிஃபைன்டு!

இங்கே லிங்கர் என்ன செய்யும்? ஸ்டாட்டிக் லைப்ரரி முழுவதையும் அள்ளிப் போடாது. விடை கிடைக்காத பெயர்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்தப் பெயருக்கு உடல் தரும் ஆப்ஜெக்ட் ஃபைலை மட்டும் லைப்ரரியிலிருந்து எடுக்கும். அந்த ஃபைல் புதுசா ஏதாவது கேட்டால், அதுவும் பட்டியலில் சேரும்.

ஐயரும் அப்படித்தான் போனார். சமணச் சொற்களுக்குக் கும்பகோணத்துச் சமணர்களிடம் பாடம் கேட்டார். மேற்கோள்களுக்கு மூலம் தேடிச் சுவடிகளைப் புரட்டினார்; பத்துப்பாட்டு கண்ணில் பட்டது. அது இன்னும் பல நூல்களைக் கேட்டது. 1887-ல் சிந்தாமணி, 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என அச்சேறின.

ஒரு வித்தியாசம் உண்டு. லிங்கர் பொதுவா இடமிருந்து வலமா ஒரு முறைதான் போகும். உங்க ஃபைலுக்கு முன்னாடியே ஸ்டாட்டிக் லைப்ரரியைப் போட்டால், அப்போது அதைக் கேட்க ஆளில்லை. தாண்டிப் போயிடும், திரும்பி வராது. அதான் லைப்ரரியைக் கடைசியில் போடச் சொல்றாங்க. ஐயர் திரும்பத் திரும்ப வந்தார், அடுத்த பதிப்பில் திருத்தினார். இன்னொன்று: நம்ம லைப்ரரி டிஸ்க்கில் பத்திரமா இருக்கு. அவருடையது ஊர் ஊராகப் பரண்களில் செல்லரித்துக் கிடந்தது. ஆற்றிலும் நெருப்பிலும் போனது போக மிச்சம். தாமதித்திருந்தால் பல பெயர்களுக்கு விடையே இருந்திருக்காது.

1942-ல் மறைந்தார். அடுத்த வருஷம் ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியில் அவர் பெயரில் ஒரு நூல்நிலையம் தொடங்கியது. அந்தச் சுவடிகள் இப்போது பெசன்ட் நகரில் இருக்கு. பீச்சுக்குப் போற வழிதான். ஒரு நாள் உள்ளேயும் போய்ப் பாருங்க.