வகுப்பு கண்ட கிறிஸ்டன் நிகார்ட்

கணிப்பொறி பயிலும் மாணவர் நாவில் ‘வகுப்பு’, ‘மரபுரிமை’ என்னும் சொற்கள் நாளும் புழங்குகின்றன. அவற்றின் பின்னே நிற்கும் பேரறிஞரை என் தோழர் பலர் அறியார். ஆதலின் அவர் வரலாற்றைச் சுருக்கி வரைய முற்படுகின்றேன்.

கிறிஸ்டன் நிகார்ட் 1926ஆம் ஆண்டு ஓஸ்லோ நகரில் பிறந்தார். 1948இல் நார்வே நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். 1960இல் நார்வே கணிப்பு மையத்தை அடைந்தார். ஆங்கு ஒலே-யோகான் டால் என்பவருடன் இணைந்து, உலக நிகழ்ச்சிகளைக் கணிப்பொறியில் நடத்திக் காட்டும் ‘சிமுலா’ மொழியைப் படைத்தார்.

சுங்கப் பாலத்தில் லாரியும் பேருந்தும் வரிசையில் நிற்கின்றன. இரண்டுக்கும் பொதுவானதை இருமுறை எழுதுவானேன்? பொதுவானதைத் தனி வகுப்பாக்கி, மற்றவை அதனின்று பெறுமாறு இருவரும் செய்தனர். 1967இல் அறிமுகமான சிமுலா 67இன் உயிர்நாடி இதுவே.

நம் தூத்துக்குடித் துறைமுகத்தை எண்ணிப் பாருங்கள். தோணி ஒரு கலம். சரக்குக் கப்பலும் ஒரு கலம். இது மரபுரிமை. தோணிக்கு நங்கூரம் உண்டு; ஆனால் தோணி நங்கூரமன்று. இது சேர்க்கை. ‘கலம்’ என்று குறித்த இடத்தில் இரண்டும் நிற்கலாம். ‘தோணி’ என்று குறித்த இடத்தில் கப்பல் நிற்க இயலாது. ‘கலம்’ என்று மட்டும் அறிந்த ஒன்றைப் பாய் விரிக்கச் சொன்னால், நிரல் ஓடுமுன்பே தொகுப்பி தடுத்துவிடும். துறைமுக வாயிற்காவலர் அனுமதிச் சீட்டைப் பார்த்து நிறுத்துவது போன்றது இது.

இதில் ஓர் இடரும் உண்டு. சிமுலாவில் ஒரு வகுப்புக்குப் பெற்றோர் ஒன்றே. அம்மொழியின் வரிசையில் இடம்பெறும் பொருளோ ‘லிங்க்’ என்னும் வகுப்பின் வழிவந்ததாக இருத்தல் வேண்டும். வரிசையில் நிற்பது தோணியின் பிறவிக் குணமா? அன்று, வரிசையிடம் தோணியைச் சுட்டும் சீட்டு இருந்தாலே போதும். ஆகவே பிற்கால அறிஞர் பலர் சேர்க்கையையே முதலில் நாடுமாறு அறிவுறுத்தினர். 2009இல் வெளிவந்த ‘கோ’ மொழி வகுப்பு மரபுரிமையை அறவே விடுத்தது.

நிகார்டின் உள்ளம் கருவியோடு நின்றுவிடவில்லை. 1970களில் நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் கைகோத்தார். பணியிடத்தில் கணிப்பொறி நுழையும்போது தொழிலாளரும் அதனை அறிந்து கருத்துரைக்க வழிகண்டார். துறைமுகத் தொழிலாளர் நிறைந்த ஊரில் பயிலும் எனக்கு அவருடைய இப்பணியே பெரிதாகத் தோன்றுகின்றது.

2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் கிட்டியது. 2002 ஜூன் 29இல் டால் மறைந்தார். ஆறே வாரத்தில், ஆகஸ்ட் 10இல், நிகார்டும் மறைந்தார்.

தோழர்களே, அடுத்த வகுப்பை எழுதுமுன் இது அதுவேயா, இதனிடம் அது உண்டா என்று வினவுங்கள். அவ்வினாவே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.